பதினோராவது கேள்வி

"கடந்த பத்து ஆண்டுகளில், கட்டுப்படியாகிற வீடு இந்த ஊரில் கிடைக்காததால், உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது வெளியூருக்குக் குடிபோனதுண்டா?"

எங்கள் ஊரின் வீட்டுத் தேவைக் கணக்கெடுப்புத் தாளில் இது பதினோராவது கேள்வி. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அதற்கும் கீழே, ஆம் என்றால் எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று எழுத ஒரு வரி இடம். ஒரு வரி போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். திரும்பி வந்த தாள்களை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பிரித்தபோது, பல தாள்களில் எழுத்து அந்த வரியைத் தாண்டி ஓரத்தில் ஏறி, பின்பக்கத்துக்கும் போயிருந்தது. ஒன்றில் நடுங்கிய நீல மைக் கையெழுத்து: "மூத்தவன் எக்ஸிட்டரில். சின்னவள் பிளிமத்தில். பேரப்பிள்ளைகளை மாதம் ஒருமுறை பார்க்கிறோம். இந்த வீட்டில் மூன்று அறைகள் சும்மா கிடக்கின்றன." அறைகளைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கில், தெற்கு டெவனில் ஒரு கிராமம். மனைவிக்குப் பக்கத்து டவுனில் நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்தோம், பதினைந்து வருடம் ஆகிவிட்டது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், ஒருவரைப் பற்றி ஒரு வரி சொன்னாலும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இங்கே மண் சிவப்பு. மழை பெய்தால் வயல் மண் கரைந்து ரோட்டில் செந்நீராக ஓடும். நான் பிறந்தது திருநெல்வேலி மாவட்டத்தில் இடையன்குடிப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஊர். முதல் மழைக்கு இந்தத் தண்ணீரைப் பார்த்தபோதே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

பாரிஷ் என்றால் நம்மூரில் கோயில், அதாவது சர்ச், சம்பந்தப்பட்ட சொல். கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள், எங்கள் சி.எஸ்.ஐ. பக்கம் சேகரம். இங்கிலாந்திலும் அது கோயிலில் தொடங்கியதுதான். 1894-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கிராமங்களின் ஊர் நிர்வாகத்தைக் கோயிலிடமிருந்து எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. இன்று இங்கிலாந்தில் சுமார் பத்தாயிரம் பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட நம் கிராமப் பஞ்சாயத்து மாதிரி, ஆனால் அதிகாரம் அதைவிடக் குறைவு. கல்லறைத் தோட்டம், விளையாட்டுத் திடல், நடைபாதை, பஸ் நிழற்குடை என்று பார்த்துக்கொள்ளும். வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரம் அதற்கு மேலே உள்ள மாவட்ட கவுன்சிலிடம். பாரிஷ் தன் கருத்தை எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' எங்களுக்கு வலித்தது ஊரின் மேற்குச் சரிவில் ஒரு கட்டுமான நிறுவனம் வீடு கட்ட விண்ணப்பித்தபோது. ஊரே எதிர்த்தது. மாவட்டமும் மறுத்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போய் ஜெயித்துவிட்டது. அந்த மாவட்டத்தில் அடுத்த ஐந்து வருடத்துக்குத் தேவையான வீட்டு நிலம் கணக்கில் காட்டப்படவில்லை, அப்படி இல்லாத இடத்தில் சட்டத்தின் தராசு கட்டுகிறவர் பக்கம் சாயும். சரி, அனுமதிதான் கிடைத்துவிட்டது, அதில் ஒரு பங்கு வீடுகள் குறைந்த வாடகைக்கு என்று ஒப்பந்தம் இருக்கிறதே என்று ஆறுதல்பட்டோம். வேலை தொடங்கிய பிறகு, செலவு கூடிவிட்டது, லாபம் கட்டவில்லை என்று ஒரு கணக்கு அறிக்கை வந்தது, அந்தப் பங்கு சுருங்கியது. கடைசியில் நின்றவை பெரும்பாலும் நான்கு படுக்கையறை வீடுகள். வாங்கியவர்கள் நல்லவர்கள், இன்று என் நண்பர்கள் சிலர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் அந்தத் தெருவில் ஒரு வீடு வாங்கவில்லை.

அதன் பிறகுதான் எங்கள் பாரிஷ் கிளார்க், கவுன்சிலின் அலுவல்களைப் பார்ப்பவர், ஒரு யோசனை சொன்னார். நெய்பர்ஹுட் பிளான். நான் ஊர்த் திட்டம் என்றே எழுதுகிறேன். 2011-இல் வந்த லோக்கலிசம் சட்டம் கொடுத்த உரிமை இது. ஊர்க்காரர்களே கூடி, எங்கே வீடு வரலாம், எந்த மாதிரி வீடு, எந்த வெளியைத் தொடக்கூடாது என்று எழுதலாம். வரைவை ஆறு வாரம் எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும். பிறகு வெளியாள் ஒருவர், தேர்வாளர், வரிக்கு வரி பார்ப்பார். கடைசியில் ஊர்ப் பொது வாக்கெடுப்பு. பாதிக்கு மேல் ஆம் விழுந்தால் அந்தத் தாள்கள் சட்ட வலு பெறுகின்றன. மாவட்டம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும், மீறுவதென்றால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். முதலில் இதை முடித்தவர்கள் கம்ப்ரியா மலைநாட்டில் அப்பர் ஈடன் பகுதிக்காரர்கள். பதினேழு பாரிஷ்கள் சேர்ந்து, 2013 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆம் என்றார்கள். அவர்கள் கேட்டதும் எங்கள் கவலைதான்: பண்ணை வீட்டுப் பிள்ளைகள் ஊரிலேயே குடியிருக்க வழி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீடே வேண்டாம் என்று எழுத இந்தச் சட்டத்தில் இடமில்லை. மாவட்டத் திட்டம் ஊருக்கு இத்தனை என்று வைத்திருந்தால், ஊர்த் திட்டம் அதைக் கூட்டலாமே தவிரக் குறைக்க முடியாது. முதல் கூட்டத்தில் கிளார்க் இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுருங்கியது. சிலர் எழுந்தே போய்விட்டார்கள். மேற்குச் சரிவு இன்னொரு முறை நடக்காமல் தடுக்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடமாக ஜன்னலைத் திறந்தால் தெரிகிற வயல் ஒருவருக்கு அவர் வீட்டின் ஒரு சுவர் போல.

2019 இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை. ஊர் மன்றத்தில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, ஊர் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து விரித்தோம். வருகிறவர்களுக்குக் கையளவு ஸ்டிக்கர்: பச்சை என்றால் இங்கே கட்டலாம், சிவப்பு என்றால் கூடாது. மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றியிருந்த வயல்கள் அம்மை போட்ட உடம்பு மாதிரி ஆகிவிட்டன. பச்சை இருந்த இடங்களைப் பார்த்தால், ஒட்டியவரின் வீட்டிலிருந்து ஊரின் மறுகோடியாக இருந்தது. இப்படித்தான் எங்கும் நடக்கும் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். மாலை நாற்காலிகளை அடுக்கும்போது, இந்த ஊர்ப் பள்ளியில் நெடுங்காலம் பாடம் சொன்ன ஓர் அம்மாள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்கே என்று முதலில் கேட்டுவிட்டோம்," என்றார். "எங்கே என்று கேட்டால் எல்லோரும் தன் வேலியைத்தான் பார்ப்பார்கள். யாருக்கு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்."

நான்கு வருட வேலையில் எனக்குக் கிடைத்த பாடம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். அன்று அது எனக்குப் புரியவில்லை, நல்ல கருத்து என்று தலையாட்டினேன்.

அப்புறம்தான் கணக்கெடுப்பு. மாவட்டத்தில் கிராம வீட்டு வசதிக்கென்றே இருக்கும் ஒரு பெண் அதிகாரி வந்து, கேள்விகளைச் சேர்ந்து எழுத உதவினார். வீட்டில் எத்தனை பேர், வாடகையா சொந்தமா, ஐந்து வருடத்தில் வீடு மாற வேண்டியிருக்குமா, வருமானம் எவ்வளவு. பதினோராவது கேள்வி அவருடைய வழக்கமான பட்டியலில் இருந்ததுதான். ஊரிலுள்ள ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தாள். நானும் என் மகளும் தெற்குச் சந்துகளுக்குப் போனோம். இங்கே சந்துகள் இரு பக்கமும் ஆள் உயர மண் வரப்பும் அதன் மேல் வேலிச் செடியுமாக, குழாய்க்குள் நடப்பது போல இருக்கும். வீடுகளில் பழையவை 'காப்' வீடுகள், மண்ணும் வைக்கோலும் மிதித்துக் குழைத்து எழுப்பிய சுவர், சில இடங்களில் இரண்டடிக்கு மேல் தடிமன். காப் வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் போதும், எத்தனை காலமும் நிற்கும் என்று டெவனில் சொல்வார்கள். தொப்பி கூரை, செருப்பு கல் அடித்தளம். என் தாத்தா வீட்டு மண்சுவரும் அப்படித்தான், கூரை ஒழுகிய வருடம்தான் விழுந்தது.

அந்தத் தெற்குச் சந்தில் பல வீடுகளில் யாரும் கதவைத் திறக்கவில்லை. திறக்க ஆளில்லை. சாவி ஒரு சின்னப் பெட்டிக்குள் கதவோரம் தொங்கும், எண்ணைத் திருப்பினால் திறக்கும். கோடையில் வந்து போகிற வீடுகள்.

தாள்கள் திரும்பி வரத் தொடங்கிய வாரம், எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட தினமும் காலையில் ஒரு பராமரிப்பாளர் வருவார், முப்பதுகளில் இருக்கும் பெண். அன்று அவர் பெரியவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். இறுக்கமான மருத்துவக் காலுறை, முழங்கால் வரை ஏற்ற வேண்டும். தரையில் உட்கார்ந்து, பெரியவரின் குதிகாலைத் தன் மடியில் வைத்து, துணியைச் சுருட்டி விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே பேசினார். நான் கணக்கெடுப்பைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு அந்தத் தாள் வரவில்லையே," என்றார்.

எப்படி வரும்? அவர் பிறந்தது இதே ஊரில். படித்தது இதே ஊர்ப் பள்ளியில். அம்மா இன்னும் இங்கேதான். அவர் வாடகைக்கு இருப்பது முப்பத்தைந்து நிமிடத் தொலைவில் கடலோர டவுன் ஒன்றில், கடைக்கு மேலே ஒரு மாடிக் குடியிருப்பில், பையனோடு. காலையில் ஆறரைக்குக் கிளம்பி வந்து எங்கள் ஊர் வயசாளிகள் ஐந்து பேரை எழுப்பி உட்காரவைத்துவிட்டுப் போகிறார். தாள் போனது கதவுகளுக்கு. ஊரில் கதவு இருப்பவர்களிடம்தான் வீடு தேவையா என்று கேட்டிருந்தோம்.

அன்று ராத்திரி கிளார்க்கிடம் பேசி, இன்னொரு கட்டு அச்சடித்தோம். பள்ளி வாசல், பப், பால் பண்ணைகள், பராமரிப்பாளர்கள் கார் நிறுத்தும் இடம் என்று கொண்டுபோனோம். பதினோராவது கேள்விக்கு ஆம் என்று எழுதியவர்களிடம், போன பிள்ளைகளுக்கும் ஒரு தாள் அனுப்புங்கள் என்று கேட்டோம். பண்ணைக்குப் பின்னால் கேரவனில், அதாவது சக்கரம் வைத்த வண்டி வீட்டில், கைக்குழந்தையோடு இருந்த ஒரு ஜோடி, அதை வெளியே சொல்லிக்கொள்ளத் தயங்கியவர்கள், தாளை மடித்து இரவில் என் தபால் துவாரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். பள்ளியில் சமைக்கிறவர், பால் லாரி ஓட்டுகிறவர், மரம் வெட்டுகிறவர். இந்த ஊர் ஓடுவதே இவர்களால்தான், இவர்களில் ஒருவருக்கும் இங்கே வீட்டு எண் இல்லை.

அந்தத் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, என் ஊரில் இப்படி ஒரு கேள்வியோடு யாராவது வந்திருந்தால் என் அம்மா என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் பம்பாய்க்குப் போகாத வீடு ஒன்றோ இரண்டோ. அங்கே பிரச்சினை வீடு இல்லை, வேலை. காரணம் வேறாக இருந்தாலும் பெற்றவர்கள் எழுதக்கூடிய பதில் ஒன்றுதான்: மூத்தவன் இங்கே, சின்னவள் அங்கே, அறைகள் சும்மா கிடக்கின்றன. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த நீல மைத் தாளை நான் மட்டும் இரண்டு முறை படித்தேன்.

ஏன் இப்படி ஆனது? மேலோட்டமாகப் பார்த்தால் வீட்டு விலை ஏறியது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊர் விளிம்பில், கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, இரட்டை இரட்டையாக ஒரு வரிசை வீடுகள் இருக்கின்றன. உலகப் போர்களுக்குப் பிறகான காலத்தில் கவுன்சில் கட்டி வாடகைக்கு விட்டவை. பண்ணைத் தொழிலாளிகள் அங்கேதான் பிள்ளை குட்டி பெற்று வளர்த்தார்கள். 1980-இல் தாட்சர் அரசின் வீட்டுவசதிச் சட்டம் வாடகைதாரர்களுக்கு அந்த வீடுகளைத் தள்ளுபடியில் வாங்கும் உரிமை கொடுத்தது. வாங்கியவர்கள் பிழைத்தார்கள், அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஒரு தொழிலாளிக்குச் சொந்த வீடு கிடைத்தது பெரிய விஷயம். போனது அடுத்த தலைமுறையின் வாடகை வீடு. விற்ற வீட்டுக்குப் பதில் வீடு கட்டப்படவில்லை. வாங்கியவர் காலத்துக்குப் பின் அதே வீடு சந்தை விலைக்கு வந்தது, சந்தையில் லண்டன் பணத்தோடு நின்றவர்கள் வாங்கினார்கள்.

விடுமுறை வீடுகளைத் தடுத்துப் பார்த்த ஊரும் உண்டு. கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ். 2016 மே மாத வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆதரித்த ஊர்த் திட்டம், இனிக் கட்டும் புது வீடு எதிலும் ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர்தான் இருக்கலாம் என்றது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரிலேயே ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் குழுவில் அதைப் படித்தபோது பெரிய உற்சாகம். ஆனால் அந்த விதி பழைய வீடுகளைத் தொடாது. புது வீடு வாங்க முடியாதவர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பினார்கள், கட்டுகிறவர்களுக்கும் அந்த ஊரில் ஆர்வம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். அந்த விதியை நாங்களும் சேர்த்தோம். அது மட்டும் போதாது என்று தெரிந்துகொண்டு சேர்த்தோம்.

தேவைப்பட்டது நிலம். அதுவும் வீட்டு மனை விலையில் இல்லாத நிலம்.

வயலுக்கும் அப்ரூவ்டு மனைக்கும் உள்ள விலை வித்தியாசம் நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே விவசாய நிலம் ஏக்கர் சுமாராகப் பத்தாயிரம் பவுண்டு. அதே ஏக்கருக்கு வீடு கட்ட அனுமதி வந்துவிட்டால் அது பல லட்சங்களில் பேசும். மண் மாறவில்லை, ஒரு தாள்தான் வந்தது. 1989 முதல் இங்கிலாந்துக் கிராமங்களில் இதற்கு இடையில் ஒரு வழி இருக்கிறது. எக்ஸெப்ஷன் சைட், விலக்கு மனை என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாக அனுமதி கிடைக்கவே கிடைக்காத, ஊர் எல்லைக்கு வெளியே உள்ள வயலில், ஊரோடு தொடர்புள்ளவர்களுக்கு, என்றென்றைக்கும் குறைந்த விலை, குறைந்த வாடகை என்ற நிபந்தனையோடு மட்டும் கட்ட அனுமதிப்பார்கள். வேறு எதற்கும் அனுமதி வராது என்பதால் நிலக்காரரும் மனை விலை கேட்க முடியாது. வயல் விலையைவிடக் கொஞ்சம் கூட, மனை விலையைவிட ரொம்பக் குறைவு. இந்தச் சட்டத்தின் அழகே இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குறைந்த விலைக்குச் சம்மதிக்கிற ஒரு ஆள் வேண்டுமே.

வரைபடம் விரித்த அந்தச் சனிக்கிழமை, எழுபது தாண்டிய ஒரு பால் பண்ணைக்காரர் வந்திருந்தார். மாடுகளை அதற்கு முன்பே விற்றுவிட்டவர். ஒரு பச்சை ஸ்டிக்கரைப் பிரித்துக் கட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். எங்கேயும் ஒட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கணக்கெடுப்பு முடிவுகளை ஊர் மன்றச் சுவரில் ஒட்டிய பிறகு, பதினோராவது கேள்விக்கு வந்த பதில்களைப் பெயரில்லாமல் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம். அதைப் படித்த மறுவாரம் அவர் கிளார்க்குக்குப் போன் செய்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வயலின் மேல்பாதியைத் தருகிறேன் என்றார். பேரனுக்கு ஒரு வீடு வேண்டும் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் செத்த பிறகு இதை யாரும் கைமாற்றி விற்கக் கூடாது."

அதற்கு இங்கே பதில் இருக்கிறது. கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட், ஊர் நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், ஊரில் யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம். அதன் மேல் வீடு கட்டிப் பராமரிப்பது ஒரு வீட்டுவசதிச் சங்கம், நீண்ட குத்தகைக்கு. வீட்டில் ஆள் மாறலாம், நிலம் கைமாறாது. 2008-இல் சட்டமே இதற்கு இலக்கணம் எழுதியது, இன்று இங்கிலாந்து, வேல்ஸில் முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன.

இதைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்தான் நான் எதிர்பாராத ஒருவரைச் சந்தித்தேன். வினோபா பாவே. இந்த மாதிரி அறக்கட்டளை முதலில் எழுந்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 1969-இல், கறுப்பின விவசாயிகளுக்காக. நியூ கம்யூனிட்டிஸ் என்று பெயர், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வான் காந்திய வழியில் நடந்தவர், வினோபாவின் கிராமதான இயக்கத்தைக் கூர்ந்து பார்த்தவர். நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு நிலமற்றவர்களுக்குக் கொடுக்கும் வினோபாவின் பூமிதானம் 1951-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கியது. நிலம் தனியாளுக்குப் பிரித்துக் கொடுத்தால் கடனில் மீண்டும் போய்விடுகிறது என்று கண்டுதான் அது கிராமத்தின் பேரில் நிலத்தை வைக்கும் கிராமதானமாக வளர்ந்தது. மதுரைப் பக்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அதற்காக ஊர் ஊராக நடந்தார்கள். ஜார்ஜியா முயற்சி வறட்சியிலும் கடனிலும் சிக்கி 1985-இல் நிலத்தை இழந்தது, யோசனை மட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து சேர்ந்தது. ஒரு கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொன்னேன். பண்ணைக்காரர் முன்வரிசையில் இருந்தார். "அவர்கள் நடந்தே போய்க் கேட்டார்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நீங்களும் நடந்துதானே வந்தீர்கள்" என்றார்.

என் சொந்த ஊர்த் தெருக்கள் நேரானவை. 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் அங்கே தெருக்களை நேர்க்கோட்டில் அமைத்தார், அந்தப் பாணியை எங்கள் ஊரும் எடுத்துக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டார், காற்றும் வெளிச்சமும் உள்ள தெருக்கள். ஆனாலும் அது ஒருவர் வரைந்தது. இங்கே பன்னிரண்டு வீட்டுக்கு வரைபடம் போட ஒரு ஊரே இரண்டு வருடம் வாதாடியதைப் பார்த்தபோது பல நாள் பொறுமை போயிருக்கிறது. ஜன்னல் அளவுக்கு ஒரு கூட்டம், குப்பைத்தொட்டி வைக்கும் இடத்துக்கு ஒரு கூட்டம். ஆனால் ஒரு நாள் பண்ணைக்காரர் வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் விரலை வைத்தார். "ஜனவரியில் இங்கே தண்ணீர் நிற்கும். கன்றுகள் இந்தப் பக்கம் வராது." கணினியில் எடுத்த வெள்ள அபாயப் படத்தில் அந்த மூலை வெள்ளை நிறமாக, தண்ணீர் வராத இடமாகத்தான் இருந்தது. ஜனவரியில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நான்கு பேர் போனோம். கணுக்கால் வரை சிவப்புத் தண்ணீர். அங்கே வரவேண்டிய இரண்டு வீடுகளை மேலே நகர்த்தி, மூலையை மழைநீர்க் குளமாக விட்டோம். அப்புறம் ஒரு வருடம் நீர்ப்பல்லிக்காகப் போனது. கொண்டை நீர்ப்பல்லி இங்கே பாதுகாக்கப்பட்ட உயிர், அது இருக்கிறதா என்று குளங்களில் தேட மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் காலம். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த வசந்தம்தான். தவறவிட்டோம்.

2023 மே மாதம் ஒரு வியாழக்கிழமை வாக்கெடுப்பு. காமன்வெல்த் குடிமக்கள் இங்கே வாக்களிக்கலாம் என்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டோடு நானும் ஊர் மன்றத்துக்குப் போனேன். சீட்டில் ஒரே கேள்வி, இந்தப் பகுதியின் விண்ணப்பங்களை முடிவுசெய்ய இந்தத் திட்டத்தை மாவட்டம் பயன்படுத்த வேண்டுமா, ஆம், இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். நல்ல வித்தியாசத்தில் ஆம் வந்தது. முதல் கூட்டத்தில் எழுந்து போனவர்களில் ஒருவர் அன்று முழுவதும் வயசாளிகளைத் தன் காரில் வாக்களிக்க ஏற்றிவந்தார்.

இது எல்லா ஊருக்கும் நடக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒரு வக்கீலும் சர்வேயரும் இருந்தார்கள். இரண்டு வேலை பார்த்துப் பிள்ளை வளர்க்கிற ஊரில் யாருக்கு இதற்கெல்லாம் மாலை நேரம் இருக்கும்? நாங்கள் தொடங்கியபோது அரசு நிதியும், இலவச நிபுணர் உதவியும் கிடைத்தன. 2025-இல் புதிதாக அந்த உதவி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே அரசு இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் 15 லட்சம் வீடு என்று இலக்கு வைத்திருக்கிறது. வீடு கட்டட்டும், நான் அதற்கு எதிரியே இல்லை, நிறையக் கட்ட வேண்டும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் மேலிருந்து அனுப்பி, பதினோராவது கேள்வியைக் கேட்கிற கையிலிருந்து காசைப் பிடுங்கினால், இன்னும் பல மேற்குச் சரிவுகள்தான் வரும். அந்த நிதி பெரிய தொகையே இல்லை. அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இந்த மார்ச்சில் வயலில் முளை அடித்தார்கள். ஒவ்வொரு வீட்டின் நான்கு மூலைக்கும் மரக் குச்சி, தலையில் ஆரஞ்சுப் பெயின்ட். எந்த வீடு யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. பதிவு செய்தவர்களில், ஊரில் இருப்பவர், வேலை செய்பவர், பெற்றோர் இருப்பவர் என்று வரிசை பார்த்துத்தான் கொடுப்பார்கள். கேரவன் ஜோடி பதிந்திருக்கிறது. பராமரிப்பாளரும் பதிந்திருக்கிறார். போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவரைத் தூங்கவைத்துவிட்டு, வேலைக் கோட்டோடு வயலுக்கு வந்தார், பையனையும் கூட்டிவந்திருந்தார். நான் வரைபடத்தை விரித்தேன், காற்றில் பறந்தது, ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். நான்காவது வீட்டின் முளைகளுக்குள் போய் நின்று, அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கு என்றேன். பையன் ஓடிப்போய்க் கிழக்கு ஓரத்தில், ஈரப் புல்லில், குந்தி உட்கார்ந்தான்.

"இங்கே இருந்து பாட்டி வீட்டுப் புகைபோக்கி தெரியுது," என்றான்.